இங்கே எல்லாரும் மேனேஜர்

பாலிசி அன்று காலை ஆபீஸைத் திறக்க வந்தபோது, படிக்கட்டில் ஒரு மேனேஜர் உட்கார்ந்து அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

மேனேஜர்தான். அவள் தோளில் குத்தியிருந்த பித்தளை வில்லை அப்படித்தான் சொன்னது: 'மேனேஜர், மடிப்புப் பிரிவு.' இடுப்பில் ஒரு பெரிய சாவி தொங்கியது. விரல் நுனிகள் ஊறிய காகிதம் போல வெளுத்துத் தோலுரிந்து கிடந்தன. அந்தப் பதவிக்கும் அந்த விரல்களுக்கும் துளிகூடப் பொருத்தம் இல்லை.

"மேல வாங்க மேடம்," என்றான் பாலிசி. "மேனேஜர்களுக்கு எங்க ஆபீஸ்ல நாற்காலி உண்டு. மூணு கால் கியாரண்டி."

பாலிசிக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. பல வருஷம் இன்ஷூரன்ஸ் விற்றான். அவன் தலை தெரு முனையில் தெரிந்தால் போதும், தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். ஓடுகிறவனை விரட்டிப் பிடிப்பதும் ஒளிகிறவனை மோப்பம் பிடிப்பதும் அப்படித்தான் அவனுக்குக் கைவந்தன. அந்தத் திறமைக்குச் சம்பளம் தர உலகத்தில் ஒரே ஒருத்திதான் முன்வந்தாள். அவள்தான் கல்லா.

கல்லா என்பதும் பட்டப்பெயர்தான். அப்பாவின் பாத்திரக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவள். மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவனைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. விலையே கேட்காமல் வாங்குகிறவன் நீட்டும் நோட்டைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அப்பா கடையை அண்ணனுக்கு எழுதி வைத்த மறுநாளே இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தாள். பாத்திரத்துக்குப் பதில் மனிதர்களைத் தட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"உக்காரும்மா," என்றாள் கல்லா. "எங்க வேலை?"

"ஊருக்கு வெளியே அந்தப் பெரிய சலவை ஃபாக்டரி இருக்குல்லக்கா, ஹோட்டல் பெட்ஷீட்டெல்லாம் துவைக்கிறது. அங்கதான். துணி மடிக்கிறேன்."

"மடிப்புப் பிரிவு மேனேஜர்னு போட்டிருக்கே. உனக்குக் கீழே எத்தனை பேர்?"

"யாருமில்லைக்கா. மெஷின்லேருந்து ஷீட்டு வரும். நான் மடிப்பேன்."

"சரி, துவைக்கிறது யாரு?"

"துவைப்பு மேனேஜருங்க."

"சோப்பு போடறது?" என்றான் பாலிசி, ஆர்வம் தாங்காமல்.

"சோப்பு மேனேஜர்."

"கேட்ல நிக்கறவரு?"

"வாசல் மேனேஜர். கக்கூஸ் கழுவறவரு சுகாதார மேனேஜர். ஆம்பளைங்களுக்கு டை குடுத்திருக்காங்க. போன மாசம் இஸ்திரி மேனேஜரோட டை ரோலர்ல மாட்டி, ஆளே பாதி உள்ளே போயிட்டாரு."

"ஃபாக்டரியில பூனை இருக்கா?"

"இருக்குண்ணே."

"அதுக்கு என்ன பதவி?"

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "அது ஒண்ணுதாண்ணே தொழிலாளி. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம்."

பாலிசி தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நகைச்சுவையில் தோற்று, வாயை மூடிக்கொண்டான்.

மீதிக் கதையைக் கல்லா கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கினாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் ஃபாக்டரி முழுக்கப் பதவி உயர்வு. காரணம் பாசம் இல்லை, சட்டம். தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். மேனேஜர்களுக்கு மட்டும் அது கிடையாது. முதலாளிக்கு மூக்கில் வியர்த்தது. எல்லாரிடமும் 'நான் மேனேஜர்' என்று கையெழுத்து வாங்கினார். ஆளுக்கொரு வில்லை, ஆளுக்கொரு சாவி. ஆறு மணிக்கு முடியவேண்டிய வேலை அன்று முதல் பத்து மணி வரை இழுத்தது. கேட்டால், "மேனேஜர்னா பொறுப்பு இருக்கணும்" என்பார்.

மடிப்பு மேனேஜர் ஒருத்திதான் தொழிலாளர் ஆபீஸில் புகார் கொடுத்தாள். மற்றவர்கள் வேலை போய்விடும் என்று பயந்து, மேனேஜராக இருப்பதில் ஆனந்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 'வெறும் பெயர் போதாது, இவர்களுக்கு என்ன அதிகாரம்?' என்று ஆபீஸர் விசாரணையில் கேட்டார். 'ஆளுக்கொரு சாவி கொடுத்திருக்கிறேன், அந்தந்தப் பிரிவே அவர்கள் கையில்' என்றார் முதலாளி. 'நேரில் வந்து பார்க்கிறேன்' என்று ஆபீஸர் சொல்லிவிட்டார்.

"எப்ப வர்றாரு?"

"இன்னிக்கு மூணு மணிக்கு."

"அந்தச் சாவி எதைத் திறக்கும்?"

"எதையும் திறக்காதுக்கா! அங்க எதுக்குமே பூட்டு கிடையாது. சும்மா தொங்கவிட்டிருக்கோம். தொலைச்சா மட்டும் அபராதம்."

"அப்ப நீ ஜெயிச்ச மாதிரிதானே?" என்றான் பாலிசி. "எங்ககிட்ட எதுக்கு வந்தே? காசு கனக்குதா?"

அவள் கைகளைப் பிசைந்தாள். "நேத்து முதலாளி என்னைப் பாத்து சிரிச்சாருண்ணே."

கல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை. அதுக்கு முந்தின நாள் சாவியெல்லாம் பாலிஷ் போடணும்னு வாங்கிட்டுப் போய், நேத்துக் காலையில திருப்பிக் குடுத்தாரு. எங்கயோ இடிக்குதுக்கா."

"இன்னிக்கு உனக்குச் சாதகமா முடியலைன்னா?"

"எங்க தெருமுனையில ஒரு சின்னக் கடை காலியா இருக்கு. சொந்தமா இஸ்திரிக் கடை போடலாம்னு கேட்டு வச்சிருக்கேன். பாக்கிச் சம்பளம் வந்தாதான் அட்வான்ஸ். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பாராம் கடைக்காரர். நான் உறுதியா ஒரு வார்த்தை சொல்லலைன்னா, செல்ஃபோன் கவர் விக்கிற ஒருத்தனுக்குக் குடுத்துடுவாராம். இதை விட்டா நான் பத்து மணி வரைக்கும் அடுத்தவங்க பெட்ஷீட்டை மடிச்சே சாக வேண்டியதுதான். ஒருவேளை நாளைக்கு அதுகூட இருக்காது."

கல்லா சாவியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சந்தேக நோட்டைப் பிடிக்கும் அதே கோணம். சாவியின் காது ஓட்டையில் அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தது.

"பாலிஷாம், பாலிஷ்," என்றாள். "பாலிசி, இந்தக் காதோரம் பாரு. என்ன தெரியுது?"

"சிவப்பா ஒரு பொட்டு. பெயிண்ட்."

"எங்கயோ பாத்த மாதிரி இல்லை?"

பாலிசி யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். போன வருஷம் ஆபீஸுக்கு மாற்றுச் சாவி வெட்டக் கொடுத்தபோது, மார்க்கெட் பூட்டுக்காரர் முதலில் வெட்டியது பொருந்தவில்லை. அவர் அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, ஒரு டின்னில் போட்டுவிட்டு வேறு வெட்டிக் கொடுத்தார். தப்பாக வெட்டிய சாவி நல்ல சாவியோடு கலந்துவிடக் கூடாதல்லவா!

"ஸ்கூட்டரை எடு," என்றாள் கல்லா. "நீ வேலைக்குப் போம்மா. மூணு மணிக்கு அங்க வர்றோம்."

"ஃபீஸ் எவ்வளவுக்கா?"

"அந்தக் கடை வந்தா, எங்க ஆபீஸ் துணி ஒரு வருஷத்துக்கு இஸ்திரி. வரலைன்னா ஒண்ணும் வேணாம்."

"இவரு சட்டைக்கும் சேத்தா?" அவள் பாலிசியின் சட்டையைப் பார்த்துத் தயங்கினாள். "அதுக்குத் தனி ரேட்டுக்கா."

கல்லாவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

மார்க்கெட்டில் பூட்டுக்காரரின் கடை ஒரு அலமாரியை நிமிர்த்தி வைத்த அளவுதான் இருக்கும். பூட்டுக்காரர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பழைய செய்தித்தாள் விரிப்பில் கடுகு அளவில் ஸ்பிரிங்குகளும் பித்தளைக் குச்சிகளும் சிதறிக் கிடந்தன.

"என்ன அண்ணாச்சி, ராத்திரியெல்லாம் பூட்டுக்குப் பிரசவம் பாத்தீங்களா?" என்றான் பாலிசி.

அவர் திடுக்கிட்டு விழித்தார். கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. கல்லா சாவியை மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு சாவி கொண்டுவந்திருக்கேன். உங்க கைவேலையான்னு தெரியணும்."

"என்னுது இல்லை."

"இன்னும் கையையே திறக்கலையே."

"நான் வெட்டுன சாவி எதுவும் தப்பா இருக்காதும்மா."

"தப்புன்னு நான் எங்க சொன்னேன்?"

பூட்டுக்காரரின் முகத்தில், கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா என்ற யோசனை தெளிவாக ஓடியது. கல்லா கையைத் திறந்து சிவப்புப் பொட்டைக் காட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா, மெதுவா! பக்கத்துக் கடைக்காரன் காதுல விழுந்தா தொலைஞ்சேன். ஆமாம்மா, என்னுதுதான். ஒரு டின் நிறைய சேந்து கிடந்துது. ரெண்டு வருஷம் முன்னாடி வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. எந்தச் சாவியா இருந்தாலும் சரி, பாக்கப் பெருசா இருக்கணும்னாரு. எடைக்குப் போட்டேன்."

"இதை ஆபீஸர் முன்னாடி சொல்ல முடியுமா?"

"ஐயோ! ஒரு டின் தப்பு பண்ணேன்னு ஊரறியச் சொன்னா, அப்புறம் எவன் என்கிட்ட சாவி வெட்ட வருவான்?"

"டின் நிறையற வரைக்கும் வந்துக்கிட்டுத்தானே இருந்தாங்க?" என்றான் பாலிசி.

கெஞ்சியும் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை. தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது எடைக்குப் போடும் சரக்கு இல்லை. கல்லா பெருமூச்சு விட்டாள்.

"சரி, போகட்டும். வந்ததுக்கு ஒரு நல்ல பூட்டாவது குடுங்க. வீட்டுக்கு வேணும்."

"பூட்டு... ஸ்டாக் இல்லம்மா."

"பூட்டுக் கடையிலயா?"

பாலிசி அப்போதுதான் சுவரைப் பார்த்தான். பலகை நிறைய ஆணிகள். பூட்டு தொங்கிய இடமெல்லாம் தூசி படியாமல் பூட்டு வடிவத்தில் பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒரு பூட்டுகூட இல்லை. கல்லா அதை ஒருமுறை பார்த்தாள், செய்தித்தாளில் கிடந்த ஸ்பிரிங்குகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள்.

"வரேன் அண்ணாச்சி. போய்த் தூங்குங்க."

ஸ்கூட்டர் சிக்னலில் நின்றதும் பாலிசி பொரிந்து தள்ளினான். "என்னக்கா இது! கையில கிடைச்ச ஒரே சாட்சி. சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருந்தா கேஸ் முடிஞ்சிருக்கும்."

"வேணாம். அவரு பண்ண தப்பையெல்லாம் நேத்து ராத்திரியே சரி பண்ணிட்டாரு, பாவம்."

"என்னது?"

"சிக்னல் விழுந்துடுச்சு. வண்டியை எடு."

சலவை ஃபாக்டரிக்குள் நுழைந்ததும் பாலிசியின் மூக்குக்கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால், ஆள் உயர டிரம்கள் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தன. நீளமான ரோலர் மெஷின் ஈரத் துணியை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் காய்ந்த துணியாகத் துப்பியது. டை கட்டிய மனிதர்கள் முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நின்றார்கள். வெளியே ஹோட்டல் லாரி ஷீட்டுக்காகக் காத்திருந்தது.

கல்லா அவனை ஸ்கூட்டரை நிழலில் விட்டு வரச் சொன்னாள். ஏற்கனவே நிழலில்தான் இருந்தது. இருந்தாலும் போய்விட்டு வந்தான். அதற்குள் அவள் மடிப்பு மேனேஜரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்து, ஏதோ சொல்லி முடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் அவள் மடிக்கும் ஷீட்டை விட வெளுத்திருந்தது.

"என்னக்கா சொன்னீங்க?"

"மேனேஜருக்கு ஒரு மேனேஜர் வேலை சொன்னேன்."

மூன்று மணிக்கு வரவேண்டிய ஆபீஸர் ஐந்தேகாலுக்கு வந்தார். கன்னத்தில் தலையணை உறையின் மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் ஒரு கொட்டாவி விட்டார். முதலாளி ஓடிவந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. ஃபாக்டரியிலேயே நனையாத ஆள் அவர் ஒருவர்தான்.

"இவங்க யாரு?" என்றார் ஆபீஸர், கல்லாவைப் பார்த்து.

"புகார் குடுத்தவங்களுக்குத் துணைக்கு வந்தேங்க. என் பெரியம்மா பொண்ணு மாதிரி," என்றாள் கல்லா.

"நான் அவங்களுக்கும் பெரியம்மா பையன் மாதிரி," என்றான் பாலிசி. ஆபீஸர் கொட்டாவியிலேயே தலையசைத்தார்.

"வாங்க சார், வாங்க! எங்க மேனேஜர்களைப் பாருங்க," என்றார் முதலாளி. "சோப்பு மேனேஜர் சார்! உங்க ஸ்டோரைத் திறந்து காட்டுங்க."

சோப்பு மேனேஜர் பயந்து பயந்து சாவியைப் போட்டார். திருகினார். 'க்ளிக்.' பூட்டு திறந்துகொண்டது. திறந்ததைப் பார்த்து அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

அடுத்தது இஸ்திரி மேனேஜரின் அலமாரி. க்ளிக். வாசல் மேனேஜரின் ரிஜிஸ்டர் பெட்டி. க்ளிக். சுகாதார மேனேஜர் கக்கூஸைத் திறந்தார். க்ளிக். காலையிலிருந்து அதற்கும் பூட்டு. பூட்டு திறந்ததும் பின்னால் நின்ற மூன்று மேனேஜர்கள் ஆபீஸரைக்கூடப் பார்க்காமல் முண்டியடித்து ஓடினார்கள்.

பாலிசி குனிந்து பார்த்தான். கதவெல்லாம் துருவேறிய பழசு. பூட்டெல்லாம் பளபளவென்று புதுசு. கதவடியில் புதிதாகத் துளை போட்ட இரும்புத் தூள். அப்போதுதான் அவன் மண்டையில் விளக்கு எரிந்தது. பூட்டுக்குச் சாவி செய்வதுதான் உலக வழக்கம். இங்கே, தப்பாக வெட்டிய ஒவ்வொரு சாவிக்கும் பொருந்துகிற மாதிரி பூட்டின் குடலைப் பிடுங்கி மாற்றியிருக்கிறார்கள்! சாவிகளை வாங்கிக்கொண்டு போனது பாலிஷுக்கு இல்லை, அளவெடுக்க. நேற்று ஆறு மணிக்கே ஆட்களை விரட்டியது பூட்டு மாட்ட!

"அக்கா," என்று காதைக் கடித்தான், "எல்லாம் புதுப் பூட்டு. ஆபீஸர்கிட்ட சொல்லுங்க!"

"பழசு துருப்பிடிச்சுது, மாத்தினேன்னு ஒரே வரியில முடிச்சுடுவான். பேசாம வா."

"அப்ப தோத்துட்டோமா?"

"வாயை மூடுறியா, இல்லை உன்னை ரோலர்ல விடட்டுமா?"

கடைசியாக மடிப்புப் பிரிவு. முதலாளியின் குரல் இப்போது மேடைக் குரலாகிவிட்டிருந்தது. "புகார் குடுத்தவங்க இவங்கதான் சார். இவங்க கையில நான் எதைக் குடுத்திருக்கேன்னு பாருங்க. அந்த இரும்புப் பெட்டியைத் திறம்மா."

அவள் சாவியைப் போட்டாள். க்ளிக். உள்ளே சிவப்புப் பிடி வைத்த ஒரு பெரிய ஸ்விட்ச்.

"மெயின் சார், மெயின்! மொத்த ஃபாக்டரியும் இவங்க கைக்குள்ள. எவ்வளவு நம்பிக்கை இருந்தா குடுப்பேன்! இப்படிப்பட்ட மேனேஜர் கூலியாள் மாதிரி ஓவர்டைம் கேட்டு வரலாமா? மனசு வலிக்குது சார்."

ஆபீஸர் பேனாவை எடுத்தார். "எல்லாம் திறக்குதேம்மா. நீங்க என்னமோ வெறும் சாவின்னு எழுதியிருந்தீங்க."

கல்லா முதலாளி முன்னால் வந்தாள். கடையில் பழைய வாடிக்கையாளரிடம் பேசுகிற பவ்யமான குரல்.

"ஐயா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவங்க பெட்டியைத் திறக்கலாம், சரி. திறந்துட்டு என்ன செய்யலாம்?"

"நிறுத்தலாம், ஓட்டலாம். அவங்க இஷ்டம்."

"உங்களைக் கேக்காமலா?"

"எதுக்குக் கேக்கணும்? மேனேஜர்னா என்னன்னு நினைச்சீங்க? நானே குறுக்க நிக்க மாட்டேன்."

"ஆபீஸர் சார், இதை எழுதிக்கிட்டா நல்லாயிருக்கும். இப்படி ஒரு முதலாளியை நாலு பேர் தெரிஞ்சுக்கணும்."

முதலாளி கூச்சத்தோடு காலரைச் சரி செய்துகொண்டார். ஆபீஸர் எழுதிக்கொண்டார். கல்லா திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

மடிப்பு மேனேஜரின் கை பிடியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. தொட்டுவிட்டால் நாளைக்கு வேலை இருக்காது. தொடாவிட்டால் கடை இருக்காது. அவள் சோப்பு மேனேஜரைப் பார்த்தாள், இஸ்திரி மேனேஜரைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ரெண்டு வருஷமாக இதே இடத்தில் நின்று, வெளியே இருட்டுகிறதா என்றுகூடத் தெரியாமல் மடித்த ஷீட்டுகள் எல்லாம் அவள் மனதில் வந்தனவோ என்னவோ. தோலுரிந்த விரல்கள் பிடியைச் சுற்றி இறுகின.

கீழே இழுத்தாள்.

டிரம்கள் முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றன. ரோலர், பாதி ஷீட்டை நாக்கு மாதிரி நீட்டியபடி அப்படியே நின்றது. ஆவி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த ஃபாக்டரியில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. அது கக்கூஸ் குழாய் சொட்டுகிற சத்தம்.

"கரண்ட் போச்சா?" என்று மேலே பார்த்தார் முதலாளி. பிறகு பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துனே?"

"நான்தான் சார்... மேனேஜர்."

"நீ மேனேஜரா? துணி மடிக்க வந்தவ நீ! வெளியே லாரி நிக்குது, ஹோட்டல்காரன் என் கழுத்தைப் பிடிக்கிறான், நீ பாட்டுக்கு நிறுத்துவியா? நான் சொல்லாம இங்க ஒருத்தன் ஒரு பட்டனைக்கூடத் தொடக்கூடாது! எவனா இருந்தாலும் சரி! போடு ஸ்விட்சை!"

மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகிய தொண்டை. அந்த அமைதியில் அது லாரிக்காரன் வரை கேட்டது.

ஆபீஸர் கொட்டாவி விடத் திறந்த வாயை மூட மறந்து நின்றார். மூடியபோது ஆள் முழுசாக விழித்திருந்தார்.

"கடைசி ரெண்டு வரி விட்டுப்போச்சு," என்றார். "திரும்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"சார், அது... கோபத்துல ஏதோ..."

"கோபத்துலதாங்க ஜனங்க கலப்படம் இல்லாமப் பேசறாங்க," என்றாள் கல்லா.

"நீங்க நிறுத்தலாம்னு சொன்னதையும் எழுதியிருக்கேன்," என்றார் ஆபீஸர், "நிறுத்துனதுக்குத் திட்டுனதையும் எழுதியிருக்கேன். சாவி குடுத்தா அதிகாரம் குடுத்ததா ஆகாது. இவங்க எல்லாரும் தொழிலாளிங்க. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், ரெண்டு வருஷத்துக்கும். எத்தனை மணி நேரம்னு நீங்க கணக்கு வச்சிருக்கீங்களா?"

"மேனேஜருக்கு எதுக்கு சார் மணிக்கணக்கு..."

"வைக்கலையா? அப்ப இவங்க சொல்ற கணக்கை நான் எடுத்துக்குவேன்."

"எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்!"

"சட்டம் குடுத்ததைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்குடுக்க முடியாது. இதுக்காக யாரையாவது வேலையை விட்டு அனுப்பினீங்கன்னா, அதுக்குத் தனியா ஒரு தடவை வருவேன். அன்னிக்குத் தூங்காம வருவேன்."

சோப்பு மேனேஜர்தான் முதலில் டையைக் கழற்றினார். கழற்றி என்ன செய்வது என்று தெரியாமல் அதில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் ஈரத்தரையில் போட்டுக் காலைத் துடைத்தார். பாலிசிக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. கல்லா முறைத்ததால் உதட்டைக் குவித்ததோடு விட்டுவிட்டான்.

"மெயினைப் போடச் சொல்லிட்டீங்களாக்கா?" என்று கிசுகிசுத்தான்.

"நிறுத்தத்தான் சொன்னேன். மீதியெல்லாம் அவ இஷ்டம்."

வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். விட்டு விட்டு அழுத்தினான். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. முதல்முறையாக அவருடைய சட்டையும் நனைந்தது.

"சரிம்மா, ஆனது ஆச்சு," என்றார். "ஸ்விட்சைப் போடு. லோடு போகணும்."

அவள் இரும்புப் பெட்டியை மூடினாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டிருந்தது.

"ஆறு மணி ஆயிடுச்சு சார். என் வேலை நேரம் முடிஞ்சுது."

"என்னது?"

"இதுக்கு மேல திறந்தா ஓவர்டைம். எனக்கு மட்டும் இல்லை, இங்க நிக்கிற அத்தனை பேருக்கும். இரட்டைச் சம்பளம். சரியா சார்?"

முதலாளி ஆபீஸரைப் பார்த்தார். ஆபீஸர் பேனா மூடியைத் திறந்தார். முதலாளி வாய்க்குள் ஏதோ மென்றார்.

"கேக்கலை சார். சத்தமாச் சொல்லுங்க. இப்ப மெஷின்கூட ஓடலையே."

"சரி! சரி! சரி!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பூனைகூட அடுக்கி வைத்த ஷீட்டுகள் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அவள் பெட்டியைத் திறந்தாள். ஆனால் பிடியைத் தொடவில்லை. ஒரு விரலை உயர்த்தி, முதலாளியைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். மறுகையால் செல்ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான்தான். அந்தக் கடையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. பணம் வருது, உறுதி... ஆமாண்ணே, வந்து பேசுறேன். ஆனா இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாகும்." சிவப்புப் பிடியை மேலே தள்ளினாள். டிரம்களின் இரைச்சலுக்கு மேல் அவள் குரல் கேட்டது.

"ஓவர்டைம் இருக்கு!"